உத்திரட்டாதி நட்சத்திரத்து முள்ளெலி

ஜனவரி மாதத்தில் எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. காரணம் பக்கத்து வீட்டு நகுலேஸ்வரி. ஹரோவிலும் கிங்ஸ்பரியிலும் சொந்தமாகத் தொழில் செய்கிற தமிழர்களில் பாதிப் பேர் தங்கள் வரிக் கணக்கை அவரிடம்தான் கொடுக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் அபராதம் என்று எல்லோருக்கும் தெரியும்; ஏப்ரலிலிருந்தே தெரியும். ஆனாலும் பொங்கல் சாப்பிட்ட கையோடுதான் பிளாஸ்டிக் பையில் ரசீதுகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். டாக்சி, பார்சல் வான், பேக்கரி வான் என்று என் வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, "அஞ்சு நிமிசம் அண்ணை" என்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நான் ஒரு தடவை கோபப்பட்டு, தணிந்து, மறுபடியும் கோபப்பட்டிருப்பேன்.

நானும் அவரிடம்தான் கணக்குக் கொடுக்கிறேன் என்பது வேறு விஷயம். திருச்சியிலிருந்து வந்து பல வருஷமாக இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். சொந்தக் கணக்கில் செய்கிற வேலை என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை அவருடைய முன்னறை சோபாவில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. பல் டாக்டரிடம் உட்காருகிற மாதிரிதான். ஒவ்வொரு ரசீதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு தடவை எனக்கு முன்னால் வந்திருந்த டாக்சிக்காரரிடம், "பெற்றோல் அடிச்சது சரி. இந்தச் சொக்லேட்டையும் காரே சாப்பிட்டது?" என்று கேட்டார். அந்த மனிதர் குனிந்து தன் சாக்ஸைப் பார்த்தார்.

அவருடைய கணவர் சபாரத்தினம் வெம்பிளியில் மினிகாப் என்கிற வாடகைக் கார் நிறுவனம் ஒன்றில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர். எந்த டிரைவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று பார்த்து, ரேடியோவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்புகிற வேலை. நல்ல கணீர்க் குரல். நகுலேஸ்வரி கீழேயிருந்து கூப்பிட்டால் மாடியிலிருந்து, "என்ன, நகுலா?" என்று கொஞ்சம் எரிச்சலோடு அவர் கேட்பது கோடைக் காலத்தில் எங்கள் சமையலறை வரை கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கால் தேறியது, கை பாதி தேறியது, பேச்சு தேறவில்லை. அவருக்கு எல்லாம் புரியும். சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று. தேநீர் வேண்டும் என்றால் "சாவி" என்பார். மனைவியை "வான்" என்று கூப்பிடுவார். தப்பு என்று அவருக்கே தெரியும். அந்த அவமானத்தில் மெல்ல மெல்லக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நகுலேஸ்வரியிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனார். தினமும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதில் வருகிறதா பாருங்கள் என்று. நகுலேஸ்வரி நன்றாகத் தலையாட்டிவிட்டு, "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டார். 'இங்கே பாருங்கள்' என்று அர்த்தம்; கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், பெயரைச் சொன்னதே இல்லை. வரி அலுவலகத்துக்கு அவர் 'மை ஹஸ்பெண்ட்', எங்களுக்கு 'இவர்'. கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிற யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"மேடம், இந்தக் காலத்துல போய்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வாய் வருகுதில்லை, குருமூர்த்தி அண்ணை. நான் என்ன செய்ய?"

வரி அதிகாரியோடு போனில் மல்லுக்கு நிற்கிற வாய், கணவர் பெயருக்கு மட்டும் வராதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து கல்யாணியிடம் பொரிந்து தள்ளினேன். "நீங்க அவங்களைக் குத்தம் சொல்றீங்க. நான் உங்களை எத்தனை தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன்?" என்று என் மனைவி கேட்டாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

சபாரத்தினம் நாள் முழுக்க டிவிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம் அது. ஒரு இலையுதிர் காலத்துப் பகலில் அவர்கள் தோட்டத்தில் ஒரு முள்ளெலிக் குட்டி தள்ளாடிக்கொண்டு வந்தது. முள்ளெலி இருட்டில் நடமாடுகிற பிராணி. பகலில் வெளியே வந்தால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தமாம். நகுலேஸ்வரி யார் யாரையோ விசாரித்து, நாலு தெரு தள்ளி ஒரு கொட்டகையில் முள்ளெலி ஆஸ்பத்திரி நடத்துகிற மரினாவைக் கண்டுபிடித்தார். மரினா ஓய்வுபெற்ற நர்ஸ். குளிர்காலத்தைத் தாங்குகிற எடை இல்லாத குட்டிகளை வைத்துக் காப்பாற்றி, வசந்தத்தில் வெளியே விடுகிறவர். சபாரத்தினம் குட்டி இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனார். கொட்டகைக்குள் நுழைந்தவர் இருட்டும்வரை வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். மறுநாள் காலையில் தானே ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

அன்றிலிருந்து தினமும் போகிறார். கூண்டுகளைத் துடைப்பார், குட்டிகளை எடை போடுவார், பூனை உணவு டின்னைத் திறந்து கிண்ணங்களில் வைப்பார். சைவச் சாப்பாடு தவிர வேறெதுவும் நுழையாத வீட்டு மனிதர் மீன் வாசனையோடு திரும்புகிறார் என்று கல்யாணி மூக்கைச் சுளித்தாள். நகுலேஸ்வரி அந்தச் சட்டைகளை ஒரு வார்த்தை சொல்லாமல் துவைத்துப் போட்டார். ஏனென்றால் அங்கே அவர் பேசினார். முள்ளெலிக்கு எந்தச் சொல் வந்தாலும் சரிதான்.

போன நவம்பரில் மரினா ஒரு சேதி சொன்னார். கொட்டகை இருக்கிற இடத்தின் குத்தகை மார்ச்சில் முடிகிறது, புதுப்பிக்க ஒரு பெரிய தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான். முள்ளெலிகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம். சபாரத்தினத்தை எங்கே அனுப்புவது? நகுலேஸ்வரி இதை மரினாவிடம் கேட்கவில்லை, எங்கள் சமையலறையில் வந்து நின்று கேட்டார். "திரும்பவும் டிவிக்கு முன்னால அந்தக் கதிரையில கொண்டுபோய் இருத்தேலாது, கல்யாணி. இந்த முறை இருத்தினா எழும்பமாட்டார்." சொல்லிவிட்டு அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

இங்கே வரிக் கணக்கில் ஒரு கேள்வி வரும். ஏதாவது தர்ம ஸ்தாபனத்துக்குக் 'கிஃப்ட் எய்ட்' முறையில் பணம் கொடுத்தீர்களா என்று. அந்த முறையில் நாம் ஒரு பவுண்டு கொடுத்தால், நாம் ஏற்கனவே கட்டிய வரியிலிருந்து அரசாங்கம் இருபத்தைந்து பென்ஸை அந்த ஸ்தாபனத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும். அதிக வரி கட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் திரும்பியும் வரும். கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் இஷ்டம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நகுலேஸ்வரியைத் தவிர.

அந்த ஜனவரியில் ஒவ்வொருவர் கணக்கும் முடிகிற நேரத்தில் அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். "தருமம் ஏதும் குடுத்தனீங்களோ?" வந்தவர் கோயில் உண்டியலில் போட்டதையும், ஊரில் மாமா மகள் கல்யாணத்துக்கு அனுப்பியதையும் சொல்வார்.

"அதெல்லாம் இதுக்குள்ள வராது. இந்தக் கேள்விக்கு 'இல்லை' எண்டு அடிச்சு அடிச்சு என்ர விரல் கூசுது. போன வருசமும் இல்லை, அதுக்கு முதல் வருசமும் இல்லை. கவண்மேந்து உங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

அரசாங்கம் தன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்று அதுவரை யோசித்தே பார்த்திராத மனிதர் கலங்கிப்போவார். அதன் பிறகு முள்ளெலி வரும், கொட்டகை வரும், குத்தகை வரும். "இண்டைக்குக் குடுத்தாலும் போன வருசக் கணக்கில போடலாம். ஆனா நான் கணக்கை அனுப்பிறதுக்கு முன்னம் குடுக்கோணும்" என்பார். இது உடான்ஸாக இருக்கும் என்று நான் தேடிப் பார்த்தேன். உண்மையான விதிதான்.

என்னையும் விடவில்லை. "இப்பத்தான் மேடம் புது வேலி போட்டேன். கை வறண்டு கிடக்கு" என்றேன். "வேலிக்குக் குடுத்த கை முள்ளெலிக்கும் குடுக்கும்" என்றார். கொடுத்தேன்.

நகுலேஸ்வரி வீட்டு வாசலில் செருப்பு வைக்கிற தட்டுக்கு மேலே மேல்பக்கம் வாய் வைத்த ஒரு பெட்டி இருந்தது. பணத்தைப் போனிலேயே மரினாவின் ஸ்தாபனத்துக்கு அனுப்பிவிட்டு, கொடுத்தவர் பெயரும் முகவரியும் எழுதி, 'நான் இங்கே வரி கட்டுகிறேன்' என்று ஒப்புக்கொள்கிற ஒரு சின்ன அட்டையை நிரப்பி அதில் போட வேண்டும். சொக்லேட்டைக் கண்டுபிடித்த நகுலேஸ்வரி அந்த அட்டைகளை மட்டும் பார்க்கவே இல்லை. "ஒருத்தர் குடுக்கிறதை எட்டிப் பாக்கக் கூடாது, அண்ணை" என்றார். மாதம் முடிந்ததும் பெட்டியை அப்படியே தூக்கி மரினாவிடம் கொடுத்துவிட்டார். பிசகியது அங்கேதான்.

ஒரு வாரம் கழித்து மரினா பெட்டியோடு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அட்டைகளை மேஜைமேல் பரப்பி, ரொம்பத் தயக்கத்தோடு ஒரு சந்தேகம் கேட்டார். தர்மிகா உத்திரட்டாதி, அபிஷா ரேவதி, யதுர்ஷன் ரேவதி, இன்னும் இரண்டு ரேவதி. இந்த ரேவதி குடும்பம் ரொம்பப் பெரிய குடும்பமா? ஒரு அட்டையில் 'பிள்ளையார்' என்று மட்டும் இருக்கிறதே, அவருக்கு முழுப் பெயர் என்ன?

நகுலேஸ்வரி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற மாதிரி எழுதியிருந்தார்கள். நம்மில் எவன் தன் பெயருக்கு மட்டும் அர்ச்சனை செய்துகொண்டு வருவான்? பிள்ளையின் பெயர், பிள்ளையின் நட்சத்திரம். பிள்ளை இல்லாதவர் சுவாமி பெயருக்கே என்று விடுவார். பெட்டி வேறு உண்டியல் மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற இடம் வேறு. கை தானாக எழுதிவிட்டது. நடுவில் 'கௌசிக், பூசம்' என்று ஒரு அட்டை கிடந்தது. அது என் மகன். அந்த அட்டையை மட்டும் மெதுவாக மற்றவற்றுக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. ஆறு வயதுப் பிள்ளை வரி கட்டுவதில்லை. பிள்ளையாரும் கட்டுவதில்லை. அரசாங்கம் சேர்த்துக் கொடுக்கிற பணம் அப்படியானால் வராது. அது வந்தால்தான் முன்பணம் நிரம்பும். போதாக்குறைக்கு, அப்பா கொடுத்தார் என்று நகுலேஸ்வரி கணக்கை அனுப்பியாயிற்று. அட்டையோ பிள்ளை கொடுத்ததாகச் சொல்கிறது. நல்ல வேளையாக, கொடுத்து முடிந்த பணத்துக்கும் பிறகு அட்டை எழுதித் தரலாம் என்று விதி இருந்தது. எல்லோரும் தங்கள் பெயரில் மறுபடி எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது.

அவர்கள் மாட்டேன் என்றார்கள்.

முதலில் மறுத்தவன் யனுஷன். பார்சல் வான் ஓட்டுகிறவன். முன்பு சபாரத்தினத்தின் ரேடியோக் குரலுக்கு டாக்சி ஓட்டியவன். அவன் மகள் தர்மிகா ஏழாம் மாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்த குழந்தை.

"அக்கா, அது பிள்ளையின்ர பேரில குடுத்தது. அவளுக்கெண்டு குடுத்ததைத் திருப்பி எடுத்து என்ர பேருக்கு மாத்தேலுமே?"

"காசு உம்மடதுதானே, யனுஷன். வரி கட்டினதும் நீர்தானே."

"காசு என்ரது. புண்ணியம் அவளின்ரது."

நகுலேஸ்வரிக்குக் கோபம் வந்தது. வரிச் சட்டத்தில் புண்ணியத்துக்கு இடம் கிடையாது, புண்ணியத்தில் வரிச் சட்டத்துக்கும் கிடையாது. யனுஷன் மரியாதையாகத்தான் சொன்னான், சொன்னதை மாற்றவில்லை. மற்றவர்களும் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். பிப்ரவரி போய்விட்டது. மரினா மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்து, முள்ளெலிகளுக்கு இடம் கேட்க ஆரம்பித்தார்.

செல்லாத அட்டைகளை மரினா திரும்பக் கொண்டுபோய்க் கொட்டகையில் ஒரு மூலையில் போட்டிருந்தார். அங்கே ஒவ்வொரு கூண்டின் முகப்பிலும் ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு; அந்த முள்ளெலியின் எடையை எழுதிய அட்டை அதில் இருக்கும். இரண்டு அட்டைகளும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு சாயங்காலம் நகுலேஸ்வரியின் கார் மக்கர் செய்ததால், கணவரை அழைத்துவர அவரை என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே குரல் கேட்டது. சபாரத்தினம் கூண்டு கூண்டாக அந்த அட்டைகளைச் செருகிவிட்டு, கட்டுப்பாட்டு அறையில் டிரைவர்களைக் கூப்பிடுகிற தோரணையில் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"தர்... மிகா. உத்திர... ட்டாதி." அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார். "அபிஷா. ரேவதி."

சாவி வரவில்லை, வான் வரவில்லை. எழுதியிருந்த பெயரே அவர் வாயிலும் வந்தது. நகுலேஸ்வரி கதவுப் பிடியை விடாமல் நின்றார். அட்டைகள் இடம் மாறிவிட்டன, எடுத்துவிடட்டுமா என்று மரினா கேட்டார். "தொடாதேங்கோ" என்றார் நகுலேஸ்வரி, தமிழிலேயே. மரினாவுக்குப் புரிந்துவிட்டது.

நகுலேஸ்வரி அங்கேயே நின்று ஒரு கூண்டைப் படம் பிடித்து யனுஷனுக்கு அனுப்பினார். 'தர்மிகா உத்திரட்டாதி சுகமாய் இருக்கிறா. நிறை கூடியிட்டுது. வந்து பாருங்கோ.'

சனிக்கிழமை, தமிழ் வகுப்பு விட்ட கையோடு யனுஷன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். குழந்தை கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "அப்பா, ஷி இஸ் ஸ்னோரிங்" என்று ரகசியக் குரலில் சொன்னாள். பின்னாலிருந்து சபாரத்தினம் அட்டையை வாசித்தார். யனுஷன் சடக்கென்று திரும்பினான். அந்தக் குரலைக் கேட்டு அவனுக்கும் வருஷக் கணக்காகிவிட்டது. "சபா அண்ணை, இன்னொருக்கால் வாசியுங்கோ" என்றான். அவர் இன்னொரு தடவை வாசித்தார்.

"பிள்ளையின்ர பேர் இஞ்ச கூண்டில இருக்கும். புண்ணியமும் இஞ்சதான் இருக்கும். கவண்மேந்துக்கு மட்டும் உம்மட பேரைத் தாரும்" என்றார் நகுலேஸ்வரி.

யனுஷன் கூண்டு அட்டையில் மகளின் பெயரை விரலால் தொட்டான். பிறகு, "பேனை இருக்கே, அக்கா?" என்று கேட்டான்.

அதற்கப்புறம் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. படம் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, எல்லோரும் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். கொடுத்தவர்கள் அதிகம், முள்ளெலிகள் குறைவு. ரேவதிகள் இரண்டிரண்டு பேராக ஒரு கூண்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிள்ளையார் அட்டை இருப்பதிலேயே பருத்த முள்ளெலிக்குப் போனது; அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஒரு அம்மா பிளாஸ்க்கில் பால் கொண்டுவந்துவிட்டார். பால் குடித்தால் முள்ளெலிக்கு வயிற்றைக் கலக்கும் என்று மரினா பதறிப்போய்த் தடுத்தார். "பிள்ளையாருக்குமோ?" என்று அந்த அம்மா கேட்டார். பிள்ளையாருக்கும்தான்.

மார்ச் முடிவதற்குள் பணம் வந்து சேர்ந்தது. குத்தகையைப் புதுப்பித்துவிட்டார்கள். சபாரத்தினத்துக்கு அதை மரினாவே சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு, துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மே மாதம் முள்ளெலிகளை வெளியே விடுகிற நேரம் வந்தது. நாலைந்தை எங்கள் தெருவில் விடலாம் என்றார் மரினா. ஒரு முள்ளெலிக்கு இரை தேட ஒரு தோட்டம் போதாதாம், பல தோட்டங்களுக்குப் போய்வர வழி வேண்டுமாம். வழி என்றால் என் புது வேலியில்தான். "அண்ணை, ஒரு சின்னப் பொட்டுத்தான்" என்றார் நகுலேஸ்வரி. வேலியில் விடுகிற ஓட்டையை அவர்கள் ஊர்ப் பேச்சில் பொட்டு என்பார்கள். வேலி போட்டவனுக்கு இன்னும் முழுப் பணமும் போய்ச் சேரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கல்யாணி ரம்பத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவர்கள் தோட்டத்தில் கூடினோம். சபாரத்தினத்துக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. மரினா ஒவ்வொரு பெட்டியாகத் திறக்க, அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். பெயர்கள் அவருக்கு இப்போது தடங்கலில்லாமல் வந்தன, எழுதி எதிரே வைத்தால். எழுதி வைக்காத பெயர் வருவதில்லை. நகுலேஸ்வரியின் பெயர் எந்தக் கூண்டிலும் இல்லை. தர்மிகா உத்திரட்டாதி மூக்கை நீட்டி நாலு பக்கமும் மோந்து பார்த்துவிட்டுப் புதருக்குள் போனது. சின்னத் தர்மிகா அதற்குக் கையசைத்தாள்.

கடைசிப் பெட்டியில் அட்டை இல்லை. நாய் கடித்து, மற்றவற்றுக்குப் பிந்தி வந்து சேர்ந்த கிழட்டு ஆண் முள்ளெலி அது. இதற்குப் பெயர் என்ன என்று மரினா கேட்டார்.

"அக்கா, நீங்களும் குடுத்தனீங்கள்தானே. உங்கட ஆக்களின்ர பேரில ஒண்டும் இல்லையே" என்றான் யனுஷன்.

வாஸ்தவம்தான். எங்கள் எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவர் அவர். ஆனால் அவர் ஒருவர்தான் சட்டப்படி தன் பெயரை எழுதியிருந்தார். ஆகவே கூண்டுக்கு என்று அவருக்குப் பெயர் மிஞ்சவில்லை.

"ஒரு பேர் சொல்லுங்கோ, அக்கா."

நகுலேஸ்வரி பெட்டிக்குள் பார்த்தார். உதட்டைத் திறந்தார், மூடினார். நாற்காலிப் பக்கம் திரும்பாமல், முள்ளெலியைப் பார்த்தபடியே, "சபாரத்தினம்" என்றார். மெல்லிய குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நட்சத்திரம்?" என்று யனுஷன் கேட்டு வாய் மூடவில்லை.

"என்ன, நகுலா?"

எங்கள் சமையலறை வரை கேட்கிற அதே பழைய குரல். அதே கொஞ்சம் எரிச்சல். சபாரத்தினம் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, கூப்பிட்டவள் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லையே என்கிற முகத்தோடு மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நகுலேஸ்வரி புல்லில் நடந்துபோய் அவர் முன்னால் நின்றார். "ஒண்டுமில்லை" என்றார். "சும்மாதான் கூப்பிட்டனான்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கல்யாணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரினா பெட்டியைக் குனிந்து பார்த்தபோது அது காலியாக இருந்தது. கிழட்டு முள்ளெலி எப்போதோ என் வேலிப் பொட்டுக்குள் புகுந்து என் தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தது.